எச்சரிக்கை வந்தும் ஏன் நகரவில்லை? நிச்சயமின்மையில் கற்பதை ஆராய விரும்பும் மாணவிக்கு ஒரு பதில்

இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிச்சயமில்லாத சூழலில் மனிதர் எப்படிக் கற்கிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை இறுதியாண்டு ஆய்வாக எடுக்க ஆசை. கணினியில் சீட்டுக்கட்டு விளையாட்டு ஒன்றை வைத்து நாற்பது மாணவர்களைச் சோதித்தால் போதும் என்கிறார்கள். எனக்கோ வீட்டு நினைவுதான் வருகிறது. மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் நகரவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு ஆபத்து விளங்காது என்று பார்க்க வந்தவர் ஒருவர் சொன்னார். இந்த இரண்டும் ஒரே விடயம்தானா? எங்கிருந்து தொடங்குவது?"

ஒரே விடயம்தான், தங்கச்சி. வந்தவர் சொன்ன அந்த வாக்கியத்தையே உங்கள் ஆய்வு சோதிக்கட்டும். 'விளங்காது' என்பது ஒரு கருதுகோள். அதற்குப் போட்டியாக நான் இன்னொன்றை வைக்கிறேன்: உங்கள் லயத்து மக்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். கற்பதற்கு அவர்களுக்கு வாய்த்த அனுபவம்தான் அந்த ஆபத்தை அவர்களுக்குக் காட்டவில்லை. இந்த இரண்டில் எது சரி என்று பிரித்தறிய முடியும். அதற்கான கருவிகள் இந்தத் துறையில் ஏற்கனவே இருக்கின்றன. நான் தலவாக்கலைப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவன். அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இந்தத் துறைக்குள் வந்து நான் படித்தவற்றில் பாதியை அவர் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921 இல் ஆபத்து (ரிஸ்க்) வேறு, நிச்சயமின்மை வேறு என்று எழுதினார். லொத்தர் சீட்டில் எத்தனை சீட்டு அச்சிட்டார்கள், எத்தனை பரிசு என்று எண்ணிவிடலாம். அது ஆபத்து. அடுத்த மாதம் கெப்பெட்டிபொல சந்தையில் கரட் என்ன விலைக்குப் போகும், லயத்துக்குப் பின்னால் உள்ள மேடு இந்த மழையைத் தாங்குமா என்பவற்றுக்கு எண்ணிக்கையை யாரும் நம் கையில் தரவில்லை. அது நிச்சயமின்மை. 1961 இல் டானியல் எல்ஸ்பெர்க் இதை ஒரு எளிய கேள்வியாக்கினார். ஒரு பையில் ஐம்பது சிவப்பு மணி, ஐம்பது கறுப்பு மணி. இன்னொரு பையிலும் நூறு மணிகள், ஆனால் எந்த நிறத்தில் எத்தனை என்று தெரியாது. சிவப்பு வந்தால் பரிசு என்றாலும் கறுப்பு வந்தால் பரிசு என்றாலும் பெரும்பாலோர் முதல் பைக்குள்ளேயே கையை விடுவார்கள். தெரியாததை மனிதர் விலக்குகிறார்கள் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாக நிற்பது இதுதான்.

நான் ஒருமுறை இதைத் தோட்டத்தில் பாசிமணிகளைத் துணிப்பையில் போட்டுச் செய்து காட்டினேன். ஒரு வயதான அம்மா கையை நீட்டாமலே கேட்டார்: "இரண்டாவது பையைக் கட்டினது யார்?" அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. தெரியாத பையின் மேல் உள்ள வெறுப்பில் ஒரு பங்கு, பையைக் கட்டியவர் மேல் உள்ள ஐயம். பறித்த கொழுந்தின் எடையில் நிறுவைத் தட்டிலேயே தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கணக்கில் கழிபடுவதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், எண்ணிக்கை சொல்லப்படாத எந்தப் பையையும் அப்படித்தான் பார்ப்பார். எச்சரிக்கை அறிவித்தலையும் அவர் அப்படியே பார்க்கக்கூடும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒன்றின் நிகழ்தகவை நாம் இரண்டு வழியில் அறிகிறோம். யாராவது சொல்லி அறிகிறோம். அல்லது நாமே பட்டு அறிகிறோம். டானியல் கானமனும் ஆமொஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் கேள்விகள் எல்லாம் சொல்லப்பட்டவை: 'இத்தனை வீத வாய்ப்பில் இவ்வளவு பணம்' என்று தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டவை. அப்படிக் கொடுத்தபோது, அரிதாக நடப்பவற்றுக்கு மனிதர் இருப்பதைவிட அதிக எடை கொடுத்தார்கள். ஒரு லட்சத்தில் ஒன்றான லொத்தர்ப் பரிசும் மனத்தில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலரும் மனித இயல்பே இதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

2004 இல் ரால்ஃப் ஹெர்ட்விக், கிரெக் பாரன், எல்கே வெபர், இடோ எரெவ் ஆகிய நால்வரும் அதே வகைத் தெரிவுகளை வேறு விதமாகக் கொடுத்தார்கள். தாளில் எதையும் எழுதவில்லை. கணினித் திரையில் இரண்டு பொத்தான்கள். அழுத்தினால் ஒரு விளைவு வரும். விரும்பிய அளவு அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் உண்மைப் பணத்துக்கு ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். முடிவு தலைகீழானது. இப்படிப் பட்டறிந்தவர்கள், அரிதாக நடப்பதற்கு இருப்பதைவிடக் குறைந்த எடை கொடுத்தார்கள். பெரும்பாலோர் மொத்தம் பதினைந்து தடவை அளவில் அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். ஒரு பொத்தானுக்கு ஏழெட்டுத் தடவை. இதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு தடவை வரும் பேரிழப்பு ஒன்று பொத்தானுக்குள் இருக்கிறது. ஏழு தடவை அழுத்தியும் அது ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 48 வீதம். அழுத்தியவர்களில் பாதிப் பேருக்கு அந்த இழப்பு உலகத்திலேயே இல்லை! அவர்கள் தவறாகச் சிந்திக்கவில்லை. கண்டதை வைத்துச் சரியாகவே சிந்தித்தார்கள்.

இப்போது உங்கள் லயத்துக்குப் போவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மழையளவை வைத்து மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாகத் தருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருங்கள் என்பது. 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேறுங்கள். இந்த அறிவித்தல்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருகின்றன. மண் சரிவதோ ஏதோ ஒரு மலைச்சாய்வில். இந்த இடைவெளிக்குள்தான் உங்கள் ஆய்வே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கணக்குக்காக ஒரு பிரிவில் நூறு மலைச்சாய்வுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு லயம் என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கை வரும் ஒவ்வொரு தடவையும் அவற்றில் ஏதோ இரண்டு சரிகின்றன என்று கொள்வோம். எச்சரிக்கை விடுப்பவரின் ஏட்டில் அது ஒவ்வொரு தடவையும் மெய்யானது. ஒரு லயத்தின் ஏட்டில் ஐம்பதில் ஒன்றுதான் மெய். பத்து எச்சரிக்கைகளைக் கடந்து வந்த நூறு லயங்களை எடுத்தால், அவற்றில் ஏறத்தாழ 82 லயங்களில் பத்துத் தடவையும் ஒன்றும் நடந்திருக்காது. அந்த 82 லயங்களிலும் இருக்கும் பெரியவர் "எத்தனையோ தடவை சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. நிறுவகம் சொல்வதும் பொய்யில்லை. இரண்டு உண்மைகள் ஒரே வாசலில் நின்று ஒன்றையொன்று பொய் என்கின்றன. 'விளங்காது' என்று சொன்னவர் ஒரு ஏட்டை மட்டும் படித்தவர்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்கள் சிறுமியாக இருந்தபோது கேட்டிருப்பீர்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்கள் இடம்மாற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2005 இலிருந்து 2014 வரை ஒன்பது மழைக்காலங்கள். அந்த ஒவ்வொரு மழைக்காலமும் மக்களுக்கு என்ன கற்பித்திருக்கும் என்று யோசியுங்கள். மேடு நின்றது, அடுத்த வருடமும் நின்றது. நூலிழையில் தப்பியதும், ஆபத்தே இல்லாமல் இருந்ததும் வீட்டுக்குள் இருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். அனுபவம் என்பது நல்ல ஆசிரியர் என்பார்கள். முதல் பாடத்திலேயே கொன்றுவிடும் ஒன்றை அனுபவத்தால் கற்பிக்க முடியாது. கற்க வேண்டியவர் மீதமிருக்க மாட்டார். அங்கே சொல்லித்தான் தெரிய வேண்டும். சொல்லுகிறவர் எந்த மேடு, எந்த லயம் என்று சொல்ல வேண்டும். போனால் எங்கே படுப்பது, எந்தக் காணியில் வீடு என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் கொடுக்கப்படும் நிகழ்தகவு அரைகுறைச் செய்தி. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போவதன் பக்கத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள். 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா? ஜெர்கர் டென்ரலும் ஜேம்ஸ் மார்ச்சும் 2001 இல் இதே கருத்தைக் கணித வடிவில் ஆராய்ந்தார்கள். பூனை சூடான அடுப்பை மட்டும் விலக்கினால் நல்லது. அது குளிர்ந்த அடுப்பையும் விலக்கிவிடுகிறது, அப்புறம் ஒருபோதும் அடுப்புக் குளிர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதும் இல்லை. ஒன்றைத் தவறுதலாக நல்லது என்று நினைத்தால் மீண்டும் போவோம், பட்டுத் திருந்துவோம். தவறுதலாகக் கெட்டது என்று நினைத்தால் மீண்டும் போகமாட்டோம், அந்த எண்ணம் அப்படியே உறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை இரவில் பாடசாலை மண்டபத்துக்குப் போனவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் அம்மாவின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஈரத் தரை. நூறு பேருக்கு இரண்டு மலசலகூடம். வயதுக்கு வந்த பெண்பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்ற கவலை. விடிந்தால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, அன்றைக்குப் பேர் விழவில்லை, அன்றைய கூலி போனது. திரும்பி வந்தால் கோழிகள் இல்லை. அவர் அதன் பிறகு போகவே இல்லை. ஒரே ஒரு அனுபவம்தான், ஆனால் சூடு போல விழுந்தது. அடுத்த தடவை மண்டபத்தில் மெத்தை போட்டிருந்தார்களாம், சமைத்த சாப்பாடும் கொடுத்தார்களாம். அம்மாவுக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆக, லயத்திலேயே தங்குவதன் தீமையை அங்கே யாரும் கண்டதில்லை. போவதன் தீமையை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் தராசில் வைத்தால் என்ன வரும் என்று சொல்ல உளவியல் பட்டம் வேண்டியதில்லை. உங்கள் ஆய்வு செய்ய வேண்டியது, ஒவ்வொருவரின் தராசிலும் உண்மையில் என்னென்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுவது.

கற்றல் எப்படி நடக்கிறது என்ற பகுதிக்கு வருகிறேன். இது இந்தத் துறையின் மிக அழகான பகுதி. 1972 இல் ராபர்ட் ரெஸ்கோர்லாவும் அலன் வாக்னரும் ஒரு சிறிய விதியை முன்வைத்தார்கள். விலங்குகள் ஒரு சைகையை இன்னொன்றோடு தொடர்புபடுத்திக் கற்பதை விளக்க வந்த விதி அது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் கற்றலைத் தூண்டுகிறது. அந்த வித்தியாசத்தின் ஒரு பங்கை எடுத்துப் பழைய எதிர்பார்ப்போடு சேர்த்துக்கொள்கிறோம். கொழுந்தில் சொன்னால்: இந்த மலையில் இன்றைக்கு 20 கிலோ வரும் என்று அம்மா நினைக்கிறார். 14 தான் வருகிறது. வித்தியாசம் 6. அதில் பாதியை எடுத்துக்கொண்டால் நாளைய எதிர்பார்ப்பு 17. பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் 19.4. அந்தப் பங்குக்குக் கற்றல் வேகம் என்று பெயர். எதிர்பார்த்தது அப்படியே வந்தால் வித்தியாசம் இல்லை, கற்பதற்கும் ஒன்றும் இல்லை. பின்னாளில் வூல்ஃப்ரம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை அளந்தபோது, அவை பரிசுக்கு அல்ல, எதிர்பாராத பரிசுக்கே கூடுதலாகத் துடிப்பதையும், எதிர்பார்த்த பரிசு வராவிட்டால் அடங்கிப்போவதையும் கண்டார். அவரும் பீட்டர் டயனும் ரீட் மொன்டாகுவும் 1997 இல் எழுதிய கட்டுரை, தாளில் இருந்த விதியை மூளையின் துடிப்போடு சேர்த்து வைத்தது.

சரி, எந்த வேகத்தில் கற்பது நல்லது? உலகம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது. டிமோதி பெரன்ஸும் அவரது சகாக்களும் 2007 இல் காட்டியது இதைத்தான். வாய்ப்புகள் நிலையாக இருக்கும்போது மனிதர் மெதுவாகக் கற்றார்கள், ஒரு நாள் விலகலைப் பெரிதுபடுத்தவில்லை. வாய்ப்புகள் அடிக்கடி புரளும்போது வேகமாகக் கற்றார்கள், பழையதைச் சீக்கிரம் கைவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே வேகத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் சின்னம்மாவின் நினைவு வந்தது. மஸ்கெலியாப் பக்கத்தில் பிறந்து பசறைப் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். மஸ்கெலியாவில் தென்மேல் பருவம்தான் மழை. வைகாசி கடைசியில் இருந்து ஆடி ஆவணி வரை அடைமழை. நடு மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் போனால் அதே மாதங்களில் வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசனை ஏறுகிறது. அங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை. சின்னம்மா முதல் வருடம் ஆனியில் விறகை உள்ளே அடுக்கினாராம்; கார்த்திகையில் விறகு வெளியே நனைந்ததாம். மாமியார் பேசிய பேச்சை இப்போதும் சொல்வார். இரண்டாவது வருடமே மாற்றிக்கொண்டார். ஆனால் இரவில் காற்றுச் சத்தம் கேட்டால் 'மழை வரப் போகிறது' என்று விழித்துக்கொள்ளும் பழக்கம் பல வருடம் போகவில்லை. பழக்கம் ஒரு வேகத்தில் கற்கிறது, அறிவு வேறு வேகத்தில் கற்கிறது. உங்கள் ஆய்வில் 'என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்பதையும் 'என்ன செய்தீர்கள்' என்று பார்ப்பதையும் தனித்தனியாக வைக்க வேண்டியது இதனால்தான்.

மரக்கறித் தோட்டக்காரர்களின் நிலை இன்னும் கடினம். 2021 வசந்தத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டது. அதே வருட நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அடுத்த வருடம் நாடே கடன் கட்ட முடியாமல் நின்றது. பசளை மூட்டையின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. லீக்சுக்கு எவ்வளவு பசளை, எந்த மாதம் நாற்று என்று இருபது வருடம் மெதுவாகக் கற்று வைத்திருந்தவருக்கு, அந்தக் கல்வி ஒரு பருவத்தில் செல்லாமல் போனது. பிறகு பாதி செல்லுபடியானது. இப்படிப் புரளும் உலகில் வேகமாகக் கற்பதுதான் சரி. ஆனால் வேகமாகக் கற்பவர் தற்செயலையும் பாடமாக எடுத்துக்கொள்வார். ஒரு தடவை கரட் விலை ஏறியதைக் கண்டு எல்லோரும் கரட் போட, எல்லோருடைய கரட்டும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்து விலை விழுகிற கதை நமக்குப் புதிதல்ல. அயலாரைப் பார்த்துக் கற்பதில் நன்மையும் உண்டு. கானாவின் அன்னாசி விவசாயிகள், எதிர்பாராத நல்ல இலாபம் கண்ட அயலாரின் பசளை அளவைத் தாங்களும் பின்பற்றினார்கள் என்று திமொதி கொன்லியும் கிறிஸ்டோபர் உட்ரியும் 2010 இல் காட்டினார்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் இதைச் செய்தால் நல்ல ஆய்வாகும். உங்கள் இறுதியாண்டுக்குள் அடங்காது, பிறகு பார்க்கலாம்.

இப்போது அந்த நாற்பது மாணவர்கள். கணினி விளையாட்டு பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். மேலே சொன்னவை பெரும்பாலும் அப்படித்தான் கண்டறியப்பட்டன. விளையாட்டில் உலகத்தின் உண்மை நிகழ்தகவு உங்களுக்குத் தெரியும், லயத்தில் தெரியாது. ஆனால் 2010 இல் ஜோசப் ஹென்ரிக்கும் வேறு இருவரும் உளவியலாளர்களுக்கு ஒரு நல்ல குட்டு வைத்தார்கள்: நீங்கள் 'மனிதர்' என்று எழுதுவது பெரும்பாலும் பணக்கார மேற்கு நாடுகளின் படித்த மாணவர்களை. அதற்கு மாற்றாகக் கொழும்பு வகுப்பறையில் நாற்பது பேரை எடுத்தால் கேள்வி பாதிதான் தீரும்.

களத்தில் செய்ய முடியுமா? முடியும், செய்திருக்கிறார்கள். ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் இந்தியக் கிராமங்களில் விவசாயிகளோடு உண்மைப் பணத்தை வைத்து நாணயம் சுண்டும் தெரிவுகளைச் செய்து 1980 இல் வெளியிட்டார். மிகப் பெரிய தொகை ஒரு கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தைவிட அதிகம். தொகை பெரிதானபோது ஏறத்தாழ எல்லோருமே மிதமாக எச்சரிக்கை காட்டினார்கள். வசதி உள்ளவர், இல்லாதவர் என்று பெரிய வேறுபாடு இல்லை. ஏழைகள் இயல்பிலேயே பயந்தவர்கள் என்ற பேச்சுக்கு அது நல்ல பதில். வேறுபடுவது அவர்கள் கையில் இருக்கும் வழிகள். தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, பணமுடை இருந்த மாதங்களில் அதே மனிதரின் சிந்தனைத் தேர்வுப் புள்ளிகள் குறைவதை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013 இல் எழுதினார்கள். அதன் பொருள் குறித்து எதிர்வாதங்களும் வந்தன. இரு பக்கத்தையும் படியுங்கள். ஆனால் நேரம் பற்றிய எச்சரிக்கையை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பள நாளுக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் ஒன்றல்ல. தீபாவளி முற்பணம் வந்த வாரமும் வராத வாரமும் ஒன்றல்ல. எல்லோரையும் மாதத்தின் ஒரே கட்டத்தில் சந்தியுங்கள்.

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். முதல் களப்பணியில் 'இந்த வருடம் இங்கே மண் சரிவதற்கு நூற்றுக்கு எத்தனை வீதம் வாய்ப்பு?' என்று கேட்டேன். பெரும்பாலோர் 'ஐம்பது' என்றார்கள். மலையே நாளை விழும் என்று அவர்கள் நினைப்பதாக எண்ணி நான் அதை எழுதியும் வைத்தேன். பிறகுதான் விளங்கியது: 'ஐம்பது' என்றால் 'எனக்குத் தெரியாது' என்று பொருள். விழலாம், விழாமலும் போகலாம், பாதிக்குப் பாதி. மற்ற நாடுகளிலும் இப்படித்தான் பதில் வருகிறது என்று பின்னர் படித்தேன். ஒரு மாத வேலை வீணானது.

அடுத்த தடவை பத்துப் புளியங்கொட்டைகளோடு போனேன். விதைகளையும் கற்களையும் வைத்து நிகழ்தகவைக் கேட்பது ஏழை நாடுகளின் களஆய்வுகளில் பழகிய முறை. "இப்படிப் பத்து வருடம் வருகிறது என்று வையுங்கள். எத்தனை வருடத்தில் மண் வரும்?" ஒரு அம்மா இரண்டு கொட்டைகளை எடுத்தார். கொஞ்சம் யோசித்து, திரும்ப வைத்தார். "எந்த லயத்துக்குக் கேட்கிறீர்கள்?" என்றார். மேட்டு லயத்துக்கு மூன்று வைத்தார், பணிய லயத்துக்கு ஒன்று. மேட்டு லயத்துக்குப் பின்னால் ஊற்று ஒன்று இடம் மாறியிருக்கிறது, கலங்கல் தண்ணீர் வருகிறது, மதகில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று காரணமும் சொன்னார். மண்சரிவுக்கு முன்குறிகள் என்று நிறுவகம் தன் துண்டுப்பிரசுரங்களில் சொல்பவை இவைதாம். அவருக்கு ஆபத்து விளங்கவில்லையா? அவர் மேட்டு லயத்தில் குடியிருந்தார். "அப்படியானால் ஏன் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "எங்கே போக?" என்றார். அந்தக் கேள்விக்கு என் கேள்விக்கொத்தில் இடமே இருக்கவில்லை. உங்கள் கேள்விக்கொத்தில் இருக்கட்டும்.

இவற்றைக் கொண்டு நீங்கள் ஒரு சிறிய ஆய்வை அமைக்கலாம். ஒரே பிரிவில் மூன்று லயங்கள் போதும். முதல் பகுதி, ஒவ்வொரு வீட்டின் ஏடு: நினைவிலுள்ள எச்சரிக்கைகள் எத்தனை, எத்தனை தடவை போனார்கள், போனபோது என்ன நேர்ந்தது, தங்கியபோது என்ன நேர்ந்தது, ஒரு நாள் பேர் போனால் வீட்டில் எது குறையும். இரண்டாவது பகுதி, கொட்டைகள்: லயம் வாரியாக, மழையளவு வாரியாக. மூன்றாவதாகத்தான் பை விளையாட்டு. ஒரு குழுவுக்குப் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்; இன்னொரு குழு தானே கையை விட்டு எடுத்துப் பார்க்கட்டும். ஹெர்ட்விக் குழுவினர் கண்ட இடைவெளி இங்கேயும் வருகிறதா, ஏட்டில் எச்சரிக்கைகள் கூடிய வீடுகளில் அது வேறுபடுகிறதா என்று பாருங்கள். என் கருதுகோள் சரியென்றால், ஆபத்தைப் பற்றிய கொட்டைகளின் எண்ணிக்கையைவிட ஏட்டில் உள்ள 'போனபோது நேர்ந்தது'தான் யார் போனார்கள் என்பதைச் சிறப்பாகச் சொல்லும். தவறென்றால் எனக்கு எழுதுங்கள். அதை அறிய நான் உண்மையிலேயே ஆவலாக இருக்கிறேன்.

சில விடயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். சீட்டுக்கட்டைக் கொண்டு போக வேண்டாம். அது சூது, பல வீடுகளில் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள், போவது நியாயமும்கூட. யாருடைய சொந்தக் காசும் குறையக் கூடாது. நீங்கள் கொடுத்த தொகைக்குள்ளேயே விளையாட்டு முடிய வேண்டும். கொழுந்து பறிக்கும் நேரத்தில் மலையில் போய்க் கேட்காதீர்கள், நிறுவை குறையும். தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கத்தான் வேண்டும், ஆனால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது ஒரு கேள்வியும் கேட்காதீர்கள்; அந்தப் பதில் உங்களுக்கானதாக இருக்காது. லயத்துச் சுவர் மெல்லியது, அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கோயிலடியோ, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத் திண்ணையோ நல்லது. யார் போகவில்லை என்ற பட்டியல் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. நாளைக்கு இழப்பீட்டுப் பேச்சு வரும்போது 'சொன்னோம், போகவில்லை' என்று அது அவர்களுக்கு எதிராகத் திரும்பும்.

மேற்பார்வையாளரிடம் சண்டை வேண்டாம். நாற்பது மாணவர்களுக்கும் அதே பை விளையாட்டை வைத்துவிடுங்கள். ஒப்பிட உதவும், அவரும் மறுக்கமாட்டார்.

உங்கள் பக்கம் இடைப்பருவ மழை ஒக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் மழைமானி ஒன்றை வாங்கி, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நட்டுவிடுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுத வேண்டும். நீங்கள் விடுதியில் இருக்கும் நாட்களில் எழுத லயத்திலேயே ஒரு பள்ளிப் பிள்ளையைப் பழக்குங்கள். எச்சரிக்கை வந்த நாளை நிறத்தோடு குறியுங்கள், அன்றிரவு எத்தனை வீட்டில் விளக்கு எரிந்தது, அதாவது எத்தனை வீட்டார் நகரவில்லை என்பதையும் குறியுங்கள். வீடுகளுக்குப் பெயர் எழுத வேண்டாம், எண் போதும்.